கீழ் வீடு வரைக்கும் வந்தவர்

ஹிடா புருகாவா, யப்பான்
23 நவம்பர் 2024

அண்ணைக்கு,

இந்தக் கடிதம் ஏன் தபாலில் வருகிறது என்று யோசிப்பீர்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தை நான் அடைத்து வைத்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. திறக்கிற எண்ணமும் இல்லை. ஆனால் இந்தச் செய்தியை நீங்கள் வேறு ஆட்களின் வாயால் கேட்கக்கூடாது. நான்தான் சொல்ல வேண்டும். அந்த ருசியை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

தக்சாயினிக்குக் கலியாணம். வருகிற ஜூன் இருபத்தொன்பதாம் திகதி, ஸ்டுட்கார்ட்டில். மாப்பிள்ளை தக்குமி, யப்பான்காரப் பொடியன், அவளோடு ஒரே இடத்தில் எஞ்சினியர் வேலை. மரியாதையான பிள்ளை, என் மீன் குழம்பை அழுதுகொண்டே சாப்பிடுகிறான். அவனுடைய ஊரிலிருந்துதான் எழுதுகிறேன். அவனுடைய தாய் கசுயோவுக்கும் சொந்தக்காரருக்கும் அயலவருக்கும் கலியாணம் சொல்ல வந்தேன். நேரில்.

அந்தச் சொல்லைத் திரும்ப ஒருமுறை வாசியுங்கள் அண்ணை. நேரில்.

விமானத்தில் கால் வீங்கி, நகோயாவில் இறங்கி, அங்கிருந்து மலைக்குள் போகிற ரெயில் பிடித்தேன். அது ஆற்றங்கரையாலேயே வளைந்து வளைந்து ஏறியது. காது அடைத்துவிட்டது. இறங்கினால் பழைய காலத்து ஊர். மரச்சட்டம் அடித்த யன்னல்கள், வெள்ளைச் சுவர் வைத்த களஞ்சியங்கள், சுவரோடு ஒட்டி ஓடுகிற ஒரு வாய்க்கால். வாய்க்கால் நிறையக் கொழுத்த கெண்டை மீன்கள். நான் வந்த கிழமை அவற்றைப் பிடித்துக் குளத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மாரியில் வீட்டுப் பனியை வெட்டி இந்த வாய்க்காலில்தான் கொட்டுவார்களாம், மீன் நசிந்துவிடுமாம். மீனுக்குக்கூட முன்கூட்டி இடம் பார்க்கிற சனம்.

கசுயோவும் புருஷனை இழந்தவர். வீட்டுக்குள் போனதும் தேத்தண்ணி தரமுதல் என்னைச் சாமி அலுமாரிக்கு முன்னால் கூட்டிப்போனார். அதற்குள் அவருடைய புருஷனின் படம் இருந்தது. சின்ன மணியைத் தட்டி, ஊதுபத்தி கொளுத்தி, மகனுக்குக் கலியாணம் என்று அந்த மனிதருக்குத்தான் முதலில் சொன்னார். பிறகு என் பையில் இருந்த என் புருஷனுடைய படத்தைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்தார். ஆக, என் மகளின் கலியாணத்துக்கு முதல் அழைப்பு, செத்துப்போன இரண்டு ஆம்பிளைகளுக்கு. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஒருவரும் எழும்பி ஓடவில்லை.

அடுத்த நாள் இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். வெற்றிலையை யப்பானுக்குள் விடமாட்டார்கள். கற்கண்டும் குங்குமமும் கார்ட்டும் வைத்த தட்டோடு, தாலி இல்லாத இரண்டு பெண்கள். எந்த வீட்டிலும் கதவு சாத்தவில்லை. ஒரு வயோதிபர் வாசலில் முழங்காலில் இருந்து, இரண்டு கையாலும் கார்ட்டை வாங்கினார். தமிழ் எழுத்து ஒன்றும் விளங்கியிராது. கடைசி வரி வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தார்.

இனி உங்களுக்கு. ஸ்டுட்கார்ட்டில் இருந்து கொலோனுக்கு ரெயிலில் இரண்டரை மணித்தியாலம். நான் வரமாட்டேன். கார்ட்டின் படம் குடும்ப குறூப்பில் வரும், எல்லாரோடும் சேர்த்து உங்களுக்கும். உங்கள் மகன் சாருஜனின் கலியாணத்துக்கு நீங்கள் எனக்கு எப்படிச் சொன்னீர்களோ, அதே அளவு.

தாரை வார்க்க உங்களையும் மச்சாளையும் கேட்பேன் என்று எதிர்பார்த்திருந்தால், அதையும் விட்டுவிடுங்கள். மணவறையில் நானே இருப்பேன்.

ரஞ்சினி


கொலோன்
9 டிசம்பர் 2024

தங்கச்சி ரஞ்சினிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் மச்சாள் குமுதினி வாசித்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும் என்று உனக்குத் தெரியும்.

இந்தக் கொலோனில் நான் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். யார் வீட்டில் கலியாணம் என்றாலும் இந்தப் பரராசசிங்கத்தாருக்குத்தான் முதல் கார்ட், வீட்டுக்கு வந்து, இரண்டு பேராக நின்று தருவார்கள். ஒருவர் போனில் சொல்லிவிட்டார் என்பதற்காக அந்தக் கலியாணத்துக்கே போகாமல் விட்டவன் நான். அப்படிப்பட்டவனுக்குச் சொந்த மருமகளின் கலியாணம் போனில் படமாக வந்தது. அதுவும் ஒரு பெட்டையின் சாமத்தியச் சடங்குப் படத்துக்கும் ஆரோ அனுப்பின மரக்கறி வைத்தியத்துக்கும் நடுவில். உன் மனம் குளிர்ந்திருக்கும்.

நான் செய்ததைச் சொல்லிக்காட்டுகிறாய். சரி, நானும் சொல்லிக்காட்டுகிறேன். மச்சான் குணசேகரம் கண்ணை மூடின செய்தி வந்தவுடன் பனிக்குள் காரை ஓட்டி வந்தது ஆர்? பெட்டிக்கு முன்னுக்கு நின்று தோள் கொடுத்தது ஆர்? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும் வரை வேலைக்கு லீவு போட்டு உன் வீட்டு நிலத்தில் படுத்தது ஆர்? அதெல்லாம் உன் கணக்கில் வரவில்லை.

மே மாதம் சாருஜனின் கார்ட்டோடு ஸ்டுட்கார்ட் வந்தபோது மச்சான் போய் நாலு மாதம். மஞ்சள் தடவின கார்ட்டோடு செத்த வீட்டுப் படி ஏறக்கூடாது, ஆண்டுத் திவசம் முடியவேணும் என்று ஐயர் சொன்னவர். குமுதினியும் அதையே சொன்னாள். நான் உண்டாக்கின வழக்கமோ இது? எனக்கு இருக்கிறது ஒரு பொடியன். அவனுடைய வாழ்க்கை என்று வந்தபோது பயந்தேன். பயந்தது குற்றம் என்றால் குற்றம்தான்.

இப்ப விசயத்துக்கு வருகிறேன். தகப்பன் இல்லாத பிள்ளையைத் தாரை வார்க்கிறது தாய்மாமனும் மாமியும். அது என்ரை உரிமை, நீ தருகிற பிச்சை இல்லை. நீ கொலோனுக்கு வந்து, என் வீட்டுக் கதிரையில் இருந்து, என்னைக் கேட்கவேணும். கேட்டால் பழசு எல்லாம் விட்டேன். கேட்காவிட்டால், உன்னை மணவறையில் இருத்தி மந்திரம் சொல்ல எந்த ஐயர் வருகிறார் என்று நானும் பார்க்கிறேன்.

அண்ணை


ஸ்டுட்கார்ட்
19 ஜனவரி 2025

அண்ணைக்கு,

பார்த்துவிட்டீர்கள். சந்தோசமோ?

வருகிறேன் என்று நாள் குறித்துத் தந்த ஐயர், போன கிழமை போன் எடுத்து ஏலாது என்றார். ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் இழுத்தார். பிறகு, “நீங்கள் தனிய மணவறையில இருக்கப்போறியள் எண்டு கேள்விப்பட்டன் அம்மா, அது முறையில்லை” என்றார். இதை நான் எழுதினது உலகத்தில் ஓர் ஆளுக்குத்தான். உங்களுடைய குரல் அந்தப் போனுக்குள் எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். மெல்லமாக, கவலைப்படுகிற மாதிரி, “தங்கச்சிக்கு இப்ப கொஞ்சம் மனம் சரியில்லை ஐயா” என்று.

நேற்று இவருடைய திவசம். வாழைக்காய் வெட்டிக்கொண்டு இருக்கும்போது ஒரு யோசனை வந்தது. நான் ஏன் உங்களை இவ்வளவு வெறுக்கிறேன் என்று உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. கார்ட் தராததற்கு என்று நினைக்கிறீர்கள். ஆகவே ஒரேயொரு முறை எழுதுகிறேன்.

அன்று சனிக்கிழமை. நான் சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களுடைய கார் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் வந்து நின்றது. நீங்களும் மச்சாளும் இறங்கினீர்கள். மச்சாள் பட்டுச்சேலை, கையில் தட்டு. நான் ஓடின ஓட்டத்தைக் கேளுங்கள். தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தேன். அலுமாரியிலிருந்து பூப்போட்ட நல்ல கோப்பைகள் மூன்றை எடுத்துக் கழுவினேன். இவர் போன பிறகு நாலு மாதமாக நான் போட்டிருந்த அந்தச் சாம்பல் நிறச் சட்டையை மாற்றினேன். தலை இழுத்தேன். கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன்.

கீழ் வீட்டு மணி அடித்தது. பேர்பெச்சுவா அக்காவின் குரல் கேட்டது. நீங்கள் சிரித்தது கேட்டது. “கட்டாயம் குடும்பத்தோடை வரவேணும்” என்று மச்சாள் சொன்னது படியால் மேலே வந்து என் காதில் விழுந்தது. சரி, கீழே முடித்துவிட்டு மேலே வருவார்கள் என்று நின்றேன். பிறகு வெளிக்கதவு. பிறகு கார்.

பின்னேரம் போனில் படம் வந்தது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் செத்தவர்களைக் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றிவிடுகிற கை இது. பிள்ளைகள் வந்து பார்க்கமுதல் தலை வாரி விடுகிறேன். ஒருவருக்கும் ஒரு தீங்கும் வரவில்லை. ஆனால் என் கூடப்பிறந்தவருக்கு என் கதவைத் தட்டினால் தீங்கு வரும்.

வேறு ஐயர் தேடுகிறேன். கிடைக்காவிட்டால் ஐயர் இல்லாமல் நடக்கும். உங்களை மட்டும் கேட்கமாட்டேன்.

ரஞ்சினி


ஹிடா புருகாவா, யப்பான்
16 பெப்ரவரி 2025

ரஞ்சி,

முத்திரையை வடிவாகப் பார். ஓம், நானும் வந்துவிட்டேன்.

உன் முதல் கடிதத்தின் உறையில், பின்பக்கத்தில், கசுயோ அம்மாவின் விலாசத்தை எழுதினது நீதான். பெருமைக்கு எழுதினாய். அந்த உறையைத்தான் ரெயில் நிலையத்தில் ஒரு பெட்டைக்குக் காட்டி வழி கேட்டேன். நீ நவம்பரில் வந்து நோகாமல் நடந்திருக்கிறாய். எங்களுக்கு இடுப்பளவு பனி. உன் மச்சாள் இரண்டு தரம் விழுந்து எழும்பினாள். வாய்க்காலும் மீனும் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. ஆனால் ஊர் அழகுதான், அதை ஒத்துக்கொள்கிறேன்.

போனில் தமிழில் சொன்னால் அது யப்பான் மொழியில் சொல்லும். “நான் பெண்ணின் தாய்மாமன். உங்களைக் கண்டு போக வந்தனான்” என்று சொன்னேன். கசுயோ அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்து கும்பிட்டார். பெண் பகுதியிலிருந்து இவ்வளவு தூரம் இன்னும் ஒருவர் வந்தாரே என்று கண்ணீர் விட்டார். நீ என்னைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் கெட்டதாகச் சொல்லவில்லை என்று விளங்கிக்கொண்டேன். சம்பந்தி வீட்டில் குடும்பத்தை அவிழ்த்துக் காட்டக்கூடாது என்ற அளவுக்கு உனக்குப் புத்தி இருக்கிறது.

அவையும் செத்த வீட்டுத் துடக்குக் காக்கினம், கேட்டுக்கொள். செத்த வருடத்தில் புதுவருட வாழ்த்து அனுப்பவும் மாட்டார்களாம், வாங்கவும் மாட்டார்களாம். புருஷன் போன அந்த வருடம் இந்த வீட்டுக்கு ஒரு வாழ்த்து மட்டையும் வரவில்லை என்று அவர் தன் வாயால் சொன்னார். ஆகவே நான் மட்டும் காட்டுமிராண்டி இல்லை. இதைச் சொல்லிக்கொண்டு இருக்கும்போது மேலே தடதட என்று ஒரே சத்தம். ஆரோ நாலைந்து பேர் கூரையில் நின்று பனி வெட்டினார்கள். கதைக்கவே முடியவில்லை.

சாமி அலுமாரிக்கு முன்னால் என்னையும் இருத்தினார். உள்ளே மச்சானின் படம். அந்தப் பச்சைச் சேர்ட் போட்ட படம். அதை நான்தான் எடுத்தது, ஒரு கோடையில், றைன் ஆற்றங்கரையில். கும்பிடச் சொன்னார், கும்பிட்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

இனி நீ கேட்கவேண்டிய செய்தி. தக்குமிக்குத் தகப்பன் இல்லை. பெரியப்பாவுக்கு முழங்கால் ஏலாது, விமானம் ஏறமாட்டார். எங்களுடைய சடங்கு ஒன்றும் தெரியாமல் தான் தனிய எப்படி மணவறையில் இருப்பது என்று கசுயோ அம்மா பயந்துகொண்டு இருந்தார். மாப்பிள்ளையின் தகப்பனுடைய இடத்தில் நான் இருக்கிறேன் என்று சொன்னேன். அந்த அலுமாரிக்கு முன்னாலேயே, இரண்டு படத்துக்கும் முன்னால், சத்தியமாகச் சொன்னேன். கார்ட்டை இரண்டு கையாலும் எனக்குத் தந்தார். நேரில்.

ஆகவே நான் மாப்பிள்ளைப் பகுதி. மண்டபத்து வாசலில் பெண்ணின் தாயாக நீ நின்று எனக்குப் பன்னீர் தெளிக்கவேணும், சந்தனம் நீட்டவேணும், வாங்கோ என்று சொல்லவேணும். ஐயரில்லாமல் நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது, அது பெண் பகுதியின் தலையிடி.

அண்ணை


ஸ்டுட்கார்ட்
6 ஏப்ரல் 2025

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தைத் தக்சா சமையலறையில் இருந்து சத்தமாக வாசித்தாள். பாதியில் சிரிப்பு வந்து நிறுத்திவிட்டாள். “அம்மா, மாமா உங்களை வெண்டிட்டார்” என்றாள். ஓம், வென்றீர்கள். அன்று நான் சமைக்கவில்லை. கையில் இருந்த சட்டியைக் கழுவுதொட்டிக்குள் எறிந்ததில் பிடி கழன்றுபோனது.

இத்தனை கிழமை பதில் போடாமல் இருந்தது கோபத்தில் அல்ல. ஓர் ஆளைத் தேடிக்கொண்டு இருந்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தத் துடக்குக் கதை. வாழ்த்து மட்டை வரவில்லை என்று கசுயோ எனக்கும் சொன்னார். ஆனால் கூரையில் நின்றவர்கள் ஆர் என்று நீங்கள் கேட்டீர்களா? கேட்டிருக்கமாட்டீர்கள், உங்களுக்கு உங்கள் கதை கேட்கவேணுமே. அவர்கள் அயல் வீட்டார். புருஷன் செத்த அந்த மாரியிலிருந்து, பனி கூடினால் கூப்பிடாமலே ஏணியோடு வருகிறார்கள். துடக்கு வீடு என்று வாழ்த்து அனுப்பவில்லை, சரி. ஆனால் ஆள் வந்தது. படியில் என்ன, கூரையிலேயே ஏறி நின்றது.

நான் கேட்டதும் அவ்வளவுதான். கார்ட்டைக் காருக்குள் வைத்துவிட்டு, மச்சாளையும் காருக்குள் இருத்திவிட்டு, நீங்கள் மட்டும் மேலே வந்திருக்கலாம். “ரஞ்சி, இப்ப உனக்குக் கார்ட் தர ஏலாது, ஒரு தேத்தண்ணி தா” என்று சொல்லியிருக்கலாம். நான் சாருஜனின் கலியாணத்துக்கு வராமல் வீட்டில் இருந்தே வாழ்த்தியிருப்பேன். அது உங்களுக்கு அப்பவும் தோன்றவில்லை, யப்பான் வரை போயும் தோன்றவில்லை.

இனி உங்கள் வெற்றி. நான் தேடின ஆளை ஃபிராங்பேர்ட் பக்கம் கண்டுபிடித்தேன். இளம் ஐயர். அவருடைய தாயும் என்னைப் போலத்தான், சின்ன வயதிலேயே. நான் விசயத்தைச் சொல்லி முடிக்கமுதலே, “பெத்தவ நீங்கள், நீங்களே குடுங்கோ அம்மா” என்றார். அவருக்கு நீங்கள் போன் எடுத்துப் பாருங்கள். அவர் எடுக்கமாட்டார், உங்கள் இலக்கத்தைக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

ஆகவே அண்ணை, இப்ப மணவறையை ஒருமுறை கண்ணை மூடி யோசியுங்கள். இந்தப் பக்கம் நான், என் மகள். எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை, கசுயோ, கசுயோவுக்குப் பக்கத்தில் நீங்கள். நீங்களே கேட்டு, நீங்களே சத்தியம் பண்ணி வாங்கின இடம். உங்களுக்குப் பக்கத்தில் தாலி இல்லாத ஒருத்தி. எதிரில் தாலி இல்லாத இன்னொருத்தி. அவள் தாரை வார்த்துக் கொடுக்கிற பெண்ணை வாங்குகிற கை உங்களுடையது. முழுக் கொலோனும் முன்வரிசையில் இருந்து பார்க்கும். என் படியை மிதித்தால் தோசம் என்று போனவர், என்னிடம் கை நீட்டி வாங்கப்போகிறார். இதை நான் திட்டம் போட்டால்கூட இவ்வளவு வடிவாக வந்திராது.

விலகலாம் என்று யோசிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் கசுயோவிடம் ஏலாது என்று சொல்ல அந்த மலைக்குத் திரும்ப ஏறுங்கள். அங்கே அப்படியான விசயத்தைப் போனில் சொல்கிற பழக்கம் இல்லை.

மாப்பிள்ளைப் பகுதி என்றாலும் பெண் வீட்டால் ஒரு கார்ட் தருவது முறை. உங்களுடையதைக் கீழ் வீட்டில், பேர்பெச்சுவா அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். வழி உங்களுக்குத் தெரியும்.

ரஞ்சினி


ஸ்டுட்கார்ட்
30 ஜூன் 2025

ரஞ்சி,

இதைக் காருக்குள் இருந்து எழுதுகிறேன். கார் உன் கட்டடத்துக்கு முன்னால் நிற்கிறது. ஸ்டியரிங்கில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணல்.

நேற்றைய பன்னீரைப் பற்றி முதலில் சொல்லவேணும். தெளிக்கிறது என்றால் தெளிக்கிறது. நீ செம்பையே என் தலையில் கவிழ்த்தாய். குமுதினி துவாய்க்கு ஓடினாள். தக்குமியின் கூட்டாளிப் பொடியன்கள் இதுதான் எங்களுடைய சடங்கு என்று நினைத்து, தங்களுக்கும் ஊற்றச் சொல்லித் தலையை நீட்டினார்கள். நீ முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமல் நின்றாய். நனைந்த வேட்டியோடுதான் மணவறையில் ஏறினேன்.

கசுயோ அம்மா எனக்குப் பக்கத்தில் கிமோனோவோடு நிமிர்ந்து இருந்தார். அவருடைய மடியில் ஒரு துணிப்பொட்டலம். அதற்குள் இரண்டு படமும் இருந்தன என்று பிறகுதான் கண்டேன்.

ஐயர் மந்திரம் சொல்லி முடித்துத் தாரை வார்க்கச் சொன்னபோது, கண்ணை மூடிவிடுவோம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. வீடியோக்காரன் வெளிச்சத்தை என் முகத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றான். முன்வரிசையில் சங்கத்து ஆட்கள் எல்லாரும் போனைத் தூக்கினார்கள். நீ தக்சாவின் கையைத் தக்குமியின் கையில் வைத்தாய். அதற்குக் கீழே என் கை. ஊற்றின தண்ணி என் விரலிடுக்கால் வழிந்து நிலத்தில் கொட்டியது. நீ குனிந்து, எனக்கு மட்டும் கேட்க, “வடிவாப் பிடியுங்கோ” என்றாய். மூன்று வருடத்தில் நீ என்னோடு கதைத்தது அவ்வளவுதான்.

கொலோன் சனம் இரவே கதைக்கத் தொடங்கிவிட்டது. சாருஜனின் கார்ட்டை மேல் மாடிக்குக் கொண்டுபோகாதவர் இப்ப இப்படி இருந்தாரே என்று. அது ஆருக்கும் தெரியாது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. என் முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். குமுதினி காரில் வரும்போது, “அண்டைக்கு மேல போயிருக்கலாம் அப்பா” என்றாள். இப்பதான் சொல்கிறாள். நான் அவளை ஏசவில்லை. அண்டைக்கு என்னைப் பிடித்துவைத்தது அவள் இல்லை, என்ரை கால்தான்.

காலமை அவளை ஹோட்டலில் விட்டுவிட்டுத் தனிய வந்தேன். கார்ட் இல்லை, தட்டு இல்லை. படி ஏறினேன். உன் கதவடியில் நின்று மணி அடித்தேன். உள்ளே கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. கோப்பை வைக்கிற சத்தமும் கேட்டது. நான் திரும்ப அடித்தேன். ரஞ்சி, நான்தான் என்றேன். என் குரல் உனக்குத் தெரியாததோ.

கனநேரம் நின்றேன். ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி நாயோடு இறங்கி வந்து, உதவி வேணுமோ என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இறங்கி வரும்போது பேர்பெச்சுவா அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். “அவ உள்ளுக்கத்தான் நிக்கிறா தம்பி” என்றார். உள்ளே வந்து இருக்கச் சொன்னார், தேத்தண்ணி போடுகிறேன் என்றார். உன் வீட்டில் குடிக்காமல் அவருடைய வீட்டில் குடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏப்ரலில் இருந்து அவரிடம் கிடந்த என் கார்ட்டை எடுத்துத் தந்தார். கலியாணம் முடிந்த அடுத்த நாள் கலியாணக் கார்ட் வாங்கிக்கொண்டு போகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மன்னிப்பு என்று எழுத எனக்குக் கை வராது. எழுதினால் நீ நம்பவும் மாட்டாய். படி ஏறி வந்தேன். அதை மட்டும் எழுதுகிறேன்.

இதை உன் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறேன்.

அண்ணை


ஸ்டுட்கார்ட்
2 ஜூலை 2025

அண்ணைக்கு,

கார் வந்து நிற்கும்போதே யன்னலால் கண்டேன். தனிய இறங்கினதையும் கண்டேன். கீழ் வீட்டில் நிற்காமல் நேரே மேலே ஏறின சப்பாத்துச் சத்தத்தையும் கேட்டேன்.

தண்ணி வைத்தேன். அலுமாரியிலிருந்து பூப்போட்ட கோப்பையை எடுத்தேன். ஒரு கோப்பை. நீங்கள் மணி அடிக்க அடிக்க, கதவுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு இருந்து, கடைசி வாய் வரை குடித்தேன். இவர் போன பிறகு இவ்வளவு ருசியான தேத்தண்ணியை நான் குடிக்கவில்லை.

இரண்டாம் முறை மணி அடித்து “ரஞ்சி, நான்தான்” என்றபோது எழும்பினேன். கை கதவுக் கொழுக்கியில் இருந்தது. பிறகு அந்தச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. இருந்துவிட்டேன்.

இப்ப இரண்டு பேரும் சரிக்குச் சரி.

கசுயோ அடுத்த கிழமை ஊருக்குப் போகிறார். போகமுதல் உங்களுக்கு நேரில் நன்றி சொல்லவேணுமாம், கொலோனுக்குக் கூட்டிப்போ என்று நிற்கிறார். நான் ரெயிலில் கொண்டுவந்து உங்கள் வீட்டு வாசலில் விடுவேன். உள்ளே வரமாட்டேன். வெளியில் நின்று கூட்டிக்கொண்டு போவேன்.

யன்னலால் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

ரஞ்சினி